ஆரியா தேடிய ரீல்

போர்ட் பிளேருக்கு வந்து போன எந்தக் கப்பலின் சங்கும் ஆரியாவின் தொண்டையை ஜெயித்ததில்லை. ஹேடோ துறையில் அவர் வாயைத் திறந்தால் மின்னி பே கடற்கரையில் துணி உலர்த்துகிற பெண்கள் "கப்பல் வேலை ஆரம்பிச்சாச்சு" என்று உலை வைக்கப் போவார்கள். கார் நிக்கோபாருக்குத் தந்தி கொடுப்பதற்குப் பதிலாக ஆரியாவைக் கரையில் தெற்குப் பார்த்து நிற்க வைத்தால் போதும் என்று தந்தி ஆபீஸ்காரர் ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆரியா என்பது அவருடைய பெயரல்ல, துறைமுகச் சொல். கப்பலின் வின்ச் என்ற தூக்குப் பொறியில் தொங்கும் சரக்கை இறக்கச் சொன்னால் 'ஆரியா', தூக்கச் சொன்னால் 'ஹேபிஸ்'. முதலாவது போர்த்துக்கீசியர் விட்டுப் போனது என்று படித்திருக்கிறேன். இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தமிழர், தெலுங்கர், மலையாளி, வங்காளி என்று எல்லாரும் சேர்ந்து வேலை செய்த துறையில் இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பகலெல்லாம் ஒரு சொல்லைக் கத்துகிறவனுக்கு அதுவே பெயராகிவிடுவதும் இயற்கைதான்.

மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், நல்ல தமிழர்கள் நடு வெயிலில் "ஆரியா, ஆரியா" என்று உருகுவதைக் கேட்டு மனம் உடைந்து போனார். ஆரியாவைத் தனியாக அழைத்து "இனிமேல் 'திராவிடா' என்று சொல்லுங்கள் தோழரே" என்றார். ஆரியா மறுக்கவில்லை. மறுநாள் மாலை என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார்: "கத்திப் பார்த்தேன் பாபு. மூட்டை எறங்கல."

நான் அப்போது துறையில் சரக்கு சரிபார்க்கும் கிளார்க். அந்தத் தீவில் கிளார்க் என்றால் எல்லா மொழியிலும் பாபு. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நினைவிலிருந்து தேதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை, அந்தப் பட்டியலில் நானும் உண்டு. ஆகவே இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: சென்னையில் ஆட்சி மாறியபின் வந்த மழைக்காலம் ஒன்று முடிந்து, கடல் கொஞ்சம் அடங்கியிருந்த சமயம்.

ஆரியாவின் வேலை சிக்னல்மேன். கப்பலின் அடிவயிற்றுக்குத் திறக்கும் பெரிய சதுர வாய்க்கு ஹேட்ச் என்று பெயர். அதன் விளிம்பில் அவர் நிற்பார். வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் சிக்னல்மேனின் கை. கை மேலே போனால் சரக்கு மேலே. உள்ளங்கை கவிழ்ந்து கீழே இறங்கினால் சரக்கும் இறங்கும். அடியில் நின்று மூட்டை கட்டுகிறவர்களின் தலைகள் அந்தக் கையில்தான் இருந்தன. குரல் ஒரு கூடுதல் மரியாதை. ஆரியா அந்த மரியாதையில் குறை வைத்ததே இல்லை.

அவர் கழுத்தில் ஒரு நூல் உண்டு. நூலில் தாயத்து இல்லை, பாட்டில் மூடுகிற தக்கை ஒன்று தொங்கும். விமானச் சத்தம் கேட்டால் போதும், தக்கை பற்களுக்கு நடுவே போய்விடும். ஆரியா கால்களை மடக்கி, தலையைக் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குந்திவிடுவார். விமானம் போனதும் எழுந்து, தக்கையைத் துடைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கத்துவார். அந்த நாட்களில் கல்கத்தாவிலிருந்து எங்களுக்கு விமானம் வரும் வழி ரங்கூன். அங்கே இறங்கிவிட்டுத்தான் வரும். ஆரியாவும் ரங்கூன்காரர். ஜப்பான் சண்டைக் காலத்தில் அங்கிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். சென்னைத் துறைமுகத்தில் சில காலம், பிறகு தீவு. மெயின்லேண்டில் அவருக்கென்று யாரும் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தக்கையைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார். வங்காளிகளிடம் சாமியார் கொடுத்தது என்பார். கூட வேலை செய்கிற செபாஸ்தியனிடம் பல் கூச்சம் என்றார். என்னிடம், "சோடா பாட்டில் ஒண்ணு பாக்கி இருக்கு பாபு, மூடி மட்டும் முன்னாடியே வந்துருச்சு" என்றார்.

விமானத்தைத் தவிர, இரும்பின்மேல் இரும்பு எதிர்பாராமல் விழுந்தாலும் இதே கதைதான். இதில் ஒரு வினோதம். அவர் இறக்கச் சொல்லி இறங்கிய இரும்புக் கர்டர் எவ்வளவு பெரிய சத்தத்தோடு தரையில் மோதினாலும் அவருக்குக் கண்கூட இமைக்காது. அவர் சொல்லாமல் விழுகிற கரண்டிதான் அவரைச் சாய்க்கும்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த செபாஸ்தியன்தான் அவருடைய வின்ச் டிரைவர். ஆரியா குந்தும்போது கை கீழே போகும். வேறு எவனாக இருந்தாலும் அதை 'இறக்கு' என்று படித்துக்கொண்டு சரக்கை விட்டுவிடுவான். செபாஸ்தியன் விடமாட்டான். லீவரைப் பிடித்தபடி, சரக்கை அந்தரத்தில் நிறுத்தி, பீடியைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான். இதை யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. துறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு சினிமாப் படம்.

எங்களுக்குப் படம் கப்பலில் வரும். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, தத்தா என்ற வங்காளி ஓட்டுவார். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து குடியேறியவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எந்தத் தமிழ்ப் படத்தில் எந்த இடத்தில் அழவேண்டும் என்பது மட்டும் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஆரியாவோடு படம் பார்ப்பது தனி அனுபவம். கதாநாயகி மாடிப்படி இறங்கினால் "ஆரியா, ஆரியா, மெதுவா" என்பார். வில்லன் கத்தியை ஓங்கினால் "ஹேபிஸ்ல நிறுத்துடா டேய்" என்று சிக்னல் கொடுப்பார். கேட்காமல் அவன் குத்திவிட்டால், பயிற்சி போதாது என்று அடுத்த காட்சி முழுக்க முணுமுணுப்பார்.

அந்த முறை வந்தது சிரிப்புப் படம். பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எடுத்திருப்பார்கள். அதில் நகைச்சுவை நடிகருக்கு 'பர்மா மாமா' வேஷம். சமையலறையில் தட்டு விழுந்தால் மாமா மேஜைக்கு அடியில். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில், ஒரு கோழியோடு. கல்யாண வீட்டில் வெடி வெடித்தால் அரிசி அண்டாவுக்குள். மைதானம் குலுங்கிச் சிரித்தது. முதல் சிரிப்பு திரையைப் பார்த்து. இரண்டாவது சிரிப்பில் ஒரு சில தலைகள் பின்னால் திரும்பின. மூன்றாவதில் பாதி மைதானம் திரையை விட்டுவிட்டு ஆரியாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆனால் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் ஆரியாதான். ஜெனரேட்டர் சத்தமே அமுங்கிவிட்டது. "மேஜை பத்தாது பாபு," என்று என் தொடையில் தட்டினார். "சுவரோரமா போவணும். இவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

பிறகு அந்தக் காட்சி வந்தது. கதாநாயகி மாமாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, "ஏன் மாமா நீங்க இப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறாள். மாமா கையில் சோற்றோடு நிமிர்கிறார். அந்த நடிகரின் முகத்தில் அதுவரை ஆடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோனது. "அன்னைக்கு ரங்கூன்ல எங்க அக்கா வெளியில நின்னா..." என்று ஆரம்பித்தார். நான் அதுவரை எத்தனையோ படம் பார்த்திருந்தேன். அந்த ஒரு கணத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. கேமரா இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த மனிதர் எங்களை எங்கேயோ கூட்டிப்போயிருப்பார். ஆனால் உள்ளே ஒரு பித்தளைச் சொம்பு உருண்டது. மாமா இலையைத் தாண்டிக் குதித்து நேராகக் கிணற்றில் விழுந்தார். மைதானம் வெடித்துச் சிரித்தது.

ஆரியா சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"அப்புறம்?" என்றார்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவை வாளியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவுக்கு இன்னா ஆச்சு?"

"உக்காருங்க அண்ணாச்சி, மறைக்குது," என்றான் யாரோ.

ஆரியா நேராக மிஷினிடம் போனார். "ஏ தாதா, ரோகோ. பீச் கா ரீல் கஹாங் கயா?" அண்ணே, நிறுத்து, நடுவில் இருக்கிற ரீல் எங்கே போயிற்று என்று அர்த்தம்.

"சப் ரீல் ஹை, பைட்டோ," என்றார் தத்தா. எல்லா ரீலும் இருக்கிறது, உட்கார்.

"நஹி ஹை. அக்கா நின்னா, நேரா கிணறு வந்துருச்சு. நடுவுல காணோம்."

மிஷினை நிறுத்தவைத்துவிட்டார். தத்தா டார்ச் அடித்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எண்கள் வரிசையாக இருந்தன, விட்டுப்போனது எதுவும் இல்லை. ஆரியா நம்பவில்லை. அவர் கண்ணில் இது எளிய விஷயம்: சரக்கு ஏறியிருக்கிறது, வந்து சேரவில்லை. துறையில் தினமும் நடப்பதுதான். தேடினால் கிடைக்கும்.

தேடினார். எங்கள் கோடவுனைத் தலைகீழாகப் புரட்டினார். கப்பல் கிளம்புவதற்குள் ஏறிச் சமையல்காரனை விசாரித்தார். பிஸ்கட் டின்களைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். மருந்து கம்பெனிப் பெட்டி ஒன்று வட்டமாக இருந்ததால் அதைத் திறந்துவிட்டார். உள்ளே மாட்டுக்குப் போடும் மருந்து. அதன் சொந்தக்காரர் வந்து சண்டை போட்டபோது, "உன் மாடு நல்லா இருக்கட்டும். நான் தேடறது அக்காவை," என்றார்.

"அண்ணாச்சி, அது சினிமா," என்றான் செபாஸ்தியன். "அந்தப் பொம்பளையே கிடையாது. எழுதுனது."

"எழுதுனவன் சும்மா எழுதுவானா செபாஸ்தி? ரங்கூன்னு சொன்னான். அக்கான்னு சொன்னான். வெளியில நின்னான்னு சொன்னான். இவ்ளோ தெரிஞ்சவனுக்கு மீதி தெரியாதா?"

சொல்லிவிட்டு அடுத்த பிஸ்கட் டின்னை எடுத்துக் காதில் வைத்தார்.

இதற்குள் ஹேடோவில் அந்த வசனம் பழமொழி ஆகிவிட்டது. டீ ஆறிப்போனால் "அக்கா வெளியில நின்னா". சம்பளம் தாமதமானால் "அக்கா வெளியில நின்னா". ஆரியா கேட்டுக்கொண்டு போவார். முகம் மட்டும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது.

புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். சென்னைக்காரர், கலகலப்பானவர், கெட்டவர் இல்லை. படம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நம்மிடமே ஒரு பர்மா மாமா இருப்பது அதைவிடப் பிடித்துவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்து வரும்போது டிபன் கேரியர் மூடியை ஆரியாவின் பின்னால் தரையில் தட்டுவார். ஆரியா குந்துவார். கூட்டம் சிரிக்கும். செபாஸ்தியன் சரக்கைப் பிடித்துக்கொள்வான்.

ஒருநாள் செபாஸ்தியன் வின்ச்சை விட்டு இறங்கி வந்தான். "சார், அவரைக் குனிய வைக்காதீங்க. கை எறங்குனா சரக்கு எறங்கும்."

"அதான் நீ பிடிச்சுக்கிறியே."

"நான் பிடிப்பேன். எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு?"

சூப்பர்வைசர் சிரிப்பை நிறுத்தினார். யோசித்தார். அவர் யோசித்ததுதான் வினை. ஒரு துறை ஒரே ஒரு வின்ச் டிரைவரை நம்பி நடக்கக் கூடாது என்பது நியாயமான யோசனை. அடுத்த கப்பல் வந்தபோது செபாஸ்தியனை முன் ஹேட்சுக்கு மாற்றிவிட்டு, ஆரியாவின் ஹேட்சில் அப்பாராவைப் போட்டார். தெலுங்குக்காரன், கெட்டிக்காரன், கையைப் பார்த்தால் கை சொன்னபடி செய்கிறவன். அவனுக்கு வேறு எதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று இறக்கியது தகரக் கட்டுகள், குடியேறியவர்களின் வீட்டுக் கூரைக்கு வந்தவை. நான் மேல்தளத்தில் ஹேட்சுக்குப் பக்கத்தில் நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு "ஹேபிஸ், ஹேபிஸ்" என்று மேலே வந்துகொண்டிருந்தது. ஹேட்ச் வாயைத் தொட்டது. கீழே ஆட்கள் அடுத்த கட்டுக்குக் கயிறு போட, அதே இடத்தில் குனிந்திருந்தார்கள்.

பின்னால் இரும்புத் தரையில் மூடி விழுந்தது.

ஆரியா குந்தினார். தக்கை வாய்க்குள் போனது. கை கீழே இறங்கியது.

அப்பாராவ் கையைப் பார்த்தான். லீவரைத் தள்ளினான்.

தகரக் கட்டு இறங்கத் தொடங்கியது. அதில் அவசரமே இல்லை. ஆரியா ஹேட்ச் விளிம்பில் குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டின் நிழல் குனிந்திருந்த முதுகுகளின்மேல் பரவுவது எனக்குத் தெரிந்தது என்றால் அவருக்கும் தெரிந்திருக்கும். தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் வரவில்லை. நான் "ஹேபிஸ்" என்று கத்தினேன். பாபுவின் குரலை எந்த வின்ச் டிரைவர் கேட்டிருக்கிறான்? முன் ஹேட்சிலிருந்து செபாஸ்தியன் கத்தினான். அதையும் அப்பாராவ் கேட்கவில்லை. தன் சிக்னல்மேனைத் தவிர யார் சொன்னாலும் கேட்கக் கூடாது என்பதுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவன் கண் ஆரியாவின் கையைவிட்டு நகரவில்லை. அந்தக் கை தரையில் ஊன்றியே இருந்தது.

செபாஸ்தியன் தன் சரக்கைப் பூட்டிவிட்டு ஓடிவந்தான். அப்பாராவைத் தோளால் இடித்துத் தள்ளி லீவரை இழுத்தான். கட்டு நின்றது. கீழே ஒருவன் நிமிர்ந்தபோது அவன் தலைத்துண்டு தகரத்தில் உரசிக் கழன்று விழுந்தது. அதை எடுத்து உதறிக்கொண்டு அவன் மேலே பார்த்து, "இன்னாய்யா வெளையாட்டு?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் எல்லாரும் கூடினோம். சூப்பர்வைசர் டிபன் கேரியரை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தார். "மூடி கை தவறிடுச்சு," என்றார்.

"இவரை இனிமே ஹேட்ச்ல நிக்க விட முடியாது," என்றார். "வேற வேலையும் என்கிட்ட இல்ல. இதே கப்பல்ல மெயின்லேண்ட் போயிடட்டும். அதான் எல்லாருக்கும் நல்லது."

ஆரியா மூலையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். "டீக்கே சார், சரி," என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "மெட்ராஸ் போனா ஸ்டுடியோவுல கேட்டுக்கிறேன். ரீல் அங்கதான் நின்னுபோயிருக்கும்."

"போயி யார் வீட்டுல தங்குவீங்க அண்ணாச்சி?" என்றான் செபாஸ்தியன்.

ஆரியா தக்கையைத் துடைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

சூப்பர்வைசர் அவர் எதிரே வந்து நின்றார். "ஏன்யா, ஆள் சாகப் போறான்னு தெரியுது. கண்ணால பாக்குறே. ஒரு வார்த்தை, ஹேபிஸ்னு ஒரு வார்த்தை. ஏன் சொல்லல?"

"அந்த ரீல்ல இருக்கும் சார்."

"என்னது?"

"படத்துல அந்தாளு சொல்ல ஆரம்பிச்சாரே. முழுசா வந்திருந்தா எல்லாரும் பாத்திருப்பீங்க. நான் சொல்ல வேண்டி இருந்திருக்காது."

படப்பெட்டியைக் கப்பலில் திருப்பி அனுப்ப தத்தா அப்போதுதான் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார். ரீல் என்ற சொல் காதில் விழுந்ததும் எரிச்சலோடு பெட்டியைக் கீழே வைத்தார். சட்டென்று ஞாபகம் வந்ததுபோல, சத்தமில்லாமல் வைத்தார். "அரே பாபா, ரீல் நஹி ஹை. பனாயா ஹி நஹி." ரீல் கிடையாது, அவர்கள் எடுக்கவே இல்லை.

ஆரியா அவரையே பார்த்தார். "பனாயா நஹி?"

"நஹி."

நம்பினார் என்று நினைக்கிறேன். அந்த மனிதர் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு நடமாடினார் என்பது அது போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தத்தா அவர் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தார். "தும் போலோ," என்றார். "தீதீ கா க்யா ஹுவா?" நீ சொல். அக்காவுக்கு என்ன ஆயிற்று?

தீவில் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்ட முதல் ஆள் தமிழ் தெரியாதவர். ஆரியா தமிழில்தான் பதில் சொன்னார்.

"சைரன் ஊதுனாங்க. இஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருந்தாங்க, மேஜைக்கு அடியில போ, காதுல பஞ்சு வை, பல்லுக்கு நடுவுல தக்கை வை, எடுத்தா செத்துடுவேன்னு. நான் எல்லாம் பண்ணேன். அக்கா பண்ணல. தெருவே வெளியில நின்னுச்சு, ஏரோப்ளேன் பாக்க. வாசல்ல நின்னுகிட்டு, 'டேய் வாடா, வெள்ளி வெள்ளியா போவுது பாரு'ன்னு என்னைக் கூப்டா. சிரிச்சிகிட்டே. நான் அவளை உள்ள வான்னு கூப்பிட்டிருக்கணும். வாயில தக்கை." சட்டைக்குள்ளிருந்து தக்கையை வெளியே இழுத்துக் காட்டினார். "எடுக்கல."

அது 1941 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. இந்தத் தேதியை மட்டும் நான் சரிபார்த்துவிட்டேன். அன்று ரங்கூனில் செத்தவர்களில் பலர் தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தவர்கள் என்று பின்னாளில் படித்தேன்.

ஷெட்டில் தத்தா ஆரியாவிடம் ஒரு பீடியை நீட்டினார். பிறகு சூப்பர்வைசர், "மூடி தவறி விழல," என்றார். "நான்தான் போட்டேன். அப்பாராவும் பிடிச்சுக்குவான்னு நெனச்சேன்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆனா அவர் அங்க நின்னா நாளைக்கும் இதேதானே நடக்கும்? நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

நியாயமான கேள்வி. பரிதாபப்பட்டு ஹேட்ச் விளிம்பில் ஒருவரை நிறுத்த முடியாது. கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.

செபாஸ்தியன் பீடியைக் காதிலிருந்து எடுத்தான். "சார், அண்ணாச்சி குந்துனா கை எறங்கும். வாய் எறங்காது."

"புரியல."

"வாயில தக்கை இருக்குல்லா. தக்கையை வச்சிக்கிட்டு எவனால 'ஆரியா' சொல்ல முடியும்? சொல்லிப் பாருங்க."

சூப்பர்வைசர் நிஜமாகவே மேஜைமேல் கிடந்த பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். மாடு கத்துவதுபோல ஒன்று வந்தது. ஷெட்டில் யாரோ சிரித்தார்கள். ஆரியாவும் சிரித்தார்.

"கையை மட்டும் பாத்து எறக்கக் கூடாது," என்றான் செபாஸ்தியன். "ஆரியான்னு காதுல விழுந்தாத்தான் எறக்கணும். காதுல விழலைன்னா சரக்கு அப்படியே நிக்கட்டும். எவன் வின்ச்சுல இருந்தாலும் இதான்."

மழை விடுவதற்குள் அது சட்டமாகிவிட்டது. அன்று பிற்பகலே அப்பாராவ் மறுபடி வின்ச்சில் ஏறினான், ஆரியா மறுபடி விளிம்பில் நின்றார். கப்பல் மெயின்லேண்டுக்குக் கிளம்பியபோது அதில் படப்பெட்டி மட்டும் போனது. அதற்குப் பிறகு வந்த மாலுமிகளுக்கெல்லாம் ஹேடோ ஒரு புதிராக இருந்தது. கையைக் காட்டுவார்கள், காட்டுவார்கள், ஒன்றும் இறங்காது. "இங்க கை ஊமை சார். வாயால கேளுங்க," என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு டிபன் கேரியரை விட்டுவிட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்.

இதோடு முடித்துவிட்டால் ஆரியாவை நல்லவராகக் காட்டியதாக ஆகிவிடும். உண்மையைச் சொல்லவேண்டும். அன்று ஷெட்டில் திறந்த வாய் அதன்பிறகு மூடவே இல்லை. அக்காவின் பெயர் பாக்கியம். பாக்கியம் ஐஸ்காரனிடம் பர்மிய மொழியில் சண்டை போட்டது, பாக்கியம் சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடியது, பாக்கியம் பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துப்போய்ச் சாக்கடையில் விட்டது. டீக்கடையில், குழாயடியில், கப்பலில், சர்ச் வாசலில் பாக்கியம். ஆரியா தூரத்தில் வருவதைப் பார்த்துக் கோடவுனுக்குள் ஒளிந்தவர்கள் உண்டு, நானும் ஒளிந்திருக்கிறேன். அந்தத் தொண்டையால் பாதியில் எழுந்து போகவும் முடியாது. நடந்து போகப் போக மீதிக் கதை பின்னாலேயே வரும். அப்பாராவ் தமிழ் கற்றதே அந்தக் கதைகளில்தான். ரங்கூன் பெண் ஒருத்தி தம்பியைத் திட்டுகிற தமிழைத்தான் அவன் கடைசிவரை பேசினான். மேலதிகாரிகளிடமும் அதையே.

பாக்கியத்தின் சமையல் தனி அத்தியாயம். மீன் குழம்புக்கு அவள் புளி குறைத்துத்தான் போடுவாளாம். புளி கூடினால் மீன் கோபித்துக்கொள்ளும் என்பாளாம். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்து, ஒருநாள் வாயை அடைப்பதற்காகவே செபாஸ்தியனின் மனைவி அப்படி வைத்துப் பார்த்தாள். குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீடாக அது பரவி, எங்கள் வீட்டு அடுப்புக்கும் வந்தது. நான் தீவை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. புளி பற்றாது என்று விருந்தாளிகள் சொல்லும்போதெல்லாம் என் மனைவி ஒரே பதில்தான் சொல்கிறாள்: "எங்க வீட்ல பாக்கியம் அக்கா பக்குவம்ங்க."